மலேசியாவில் வேலை: பெர்மிட் கைக்கு வருமுன்னும் வந்த பின்னும்

கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ வேலைக்கு வர நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது, விமானம் ஏறுவதற்கு முன்பே வேலைக்கான அனுமதி கிடைத்திருக்க வேண்டும் என்பதாகும். 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியாவுக்குள் வர முடிகிறது. ஆனால் அந்தச் சலுகை சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் தரப்பட்டதே தவிர, வேலை செய்வதற்கு அல்ல. ‘இப்போதைக்கு டூரிஸ்டாகப் போ, அங்கே போனதும் பெர்மிட் எடுத்துத் தருகிறேன்’ என்று ஊரில் ஓர் ஏஜெண்டு சொன்னால், அவர் காட்டும் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பேச்சை அத்தோடு முறித்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தவர் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஓர் உணவகத்தில் ஒரு நாள் தட்டுக் கழுவினாலும் அது குற்றம். 30 நாள் தாண்டிவிட்டால் அனுமதியின்றித் தங்கிய குற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும். குடிநுழைவுத் துறையினர் சோதனைக்கு வரும்போது அகப்படுபவர் அவர்தான், ஏஜெண்டு அல்ல.

பொறியாளர், கணினித் துறையினர், மேலாளர் போன்றோருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வழி இருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வரும் நம்மவர்களில் பலர் இவ்வழியில்தான் வருகிறார்கள். நிறுவனமே விண்ணப்பிக்கும், மாதச் சம்பளத்தைப் பொறுத்து மூன்று வகைகளில் ஒன்று கிடைக்கும். சம்பள வரம்பை அரசு அவ்வப்போது உயர்த்துவதால், பழைய நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், தமக்கு எந்த வகை, எத்தனை ஆண்டு, குடும்பத்தை அழைத்துவர முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வரி விதிப்பில் உள்நாட்டில் வசிப்பவர் என்ற தகுதிக்குப் பொதுவாக ஓர் ஆண்டில் 182 நாள் தங்கியிருக்க வேண்டும். அதுவரை சம்பளத்தில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படலாம் என்பதால், முதல் சில மாதங்களுக்கு ஊருக்கு அனுப்பும் தொகையைக் குறைத்தே திட்டமிடுங்கள்.

உணவகம், தொழிற்சாலை, கட்டுமானம், தோட்டம், விவசாயம் ஆகியவற்றுக்கு வருபவர்களின் பாதை வேறு. முதலாளி தம் நிறுவனத்துக்கு ஆள் ஒதுக்கீடு பெற்று, உங்கள் பெயரில் அனுமதி வாங்கி, காலிங் விசாவை (வேலைக்கு வர அழைக்கும் அனுமதித் தாளை) அனுப்புவார். 18 வயதுக்கு மேல் 45க்குள் இருப்பவர்களுக்கே இது கிடைக்கும். அந்தத் தாள் கையில் கிடைத்ததும் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்: கடப்பிதழ் எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கிறதா, முதலாளியாகக் குறிக்கப்பட்ட நிறுவனமும் ஏஜெண்டு சொன்ன நிறுவனமும் ஒன்றா, துறை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெர்மிட் என்பது அந்த முதலாளிக்கும் அந்தத் துறைக்கும் மட்டுமே உரியது. தோட்டத்துக்கான தாளோடு வந்து உணவகத்தில் நிற்பவரிடம் பெர்மிட் இருந்தும் பயனில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் இந்தியக் கடப்பிதழ் பெரும்பாலும் ஈ.சி.ஆர். (குடியகல்வு அனுமதி தேவை) வகையில் இருக்கும். மலேசியா அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் ஒன்று. ஆகவே இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டு வழியாகக் குடியகல்வு அனுமதி பெற்றே புறப்பட வேண்டும். அத்தகைய ஏஜெண்டு சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். இலட்சக் கணக்கில் கேட்பவருக்காக நிலத்தை அடகு வைக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அந்தக் கடனே பிறகு மோசமான முதலாளியை விட்டு விலக முடியாமல் அவர்களைக் கட்டிப்போடுகிறது.

வந்து சேர்ந்த 30 நாளுக்குள் ஃபொமேமா மருத்துவப் பரிசோதனை நடக்கும்: இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. காசநோய் போன்றவை தெரியவந்தால் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே ஊரிலேயே எடுக்கும் பரிசோதனையைச் சடங்காக முடிக்காமல், நெஞ்சுப் படத்தை நல்ல மருத்துவரிடம் காட்டிவிட்டு வருவது பணத்தையும் மானத்தையும் காக்கும். அந்நியத் தொழிலாளருக்காக அரசுக்குச் செலுத்தும் லெவிக் கட்டணத்தை 2018 முதல் முதலாளியே ஏற்க வேண்டும். சம்பளச் சீட்டில் அது கழிக்கப்பட்டிருந்தால் கேளுங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். வேலையில் அடிபட்டால் சொக்சோ என்ற சமூகக் காப்பீட்டின் பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்குக் கேட்டால் கொடுங்கள், புதுப்பித்து முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் பெர்மிட்டையும் கைப்பேசியில் படமெடுத்து ஊரிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

சம்பளம் நின்றுபோனால் கோபத்தில் இடத்தை விட்டு ஓடிவிடாதீர்கள். ஓடிய மறுநாளே முதலாளி உங்களைத் தப்பியோடியவர் என்று புகார் செய்யலாம். அதன்பின் பெர்மிட் செல்லாமற் போய், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பிடிபடுபவர் நீங்களாகவே ஆவீர்கள். பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் படம், ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மலாய் தெரியாதென்றால் தெரிந்த உள்ளூர்த் தமிழர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவு இருக்கிறது. புகாரின் ஒரு நகலை அங்கேயும் கொடுத்து வையுங்கள்.