அங்கோர்வாட் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: நான் செய்து பார்த்தவை

போன மாதம் நண்பர் ஒருவர் தன் கம்போடியா திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கோர் கோயில்கள் அத்தனைக்கும் ஒரே நாள். விடியலில் அங்கோர்வாட், பத்து மணிக்கு பேயோன், மதியம் தா புரோம், சாயங்காலம் விமானம். விமானத்தைத் தவிர, 2018-ல் நான் போட்ட பட்டியலும் இதேதான். தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் டிக்கெட்

ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. "கல் கட்டடம்தானே, ஒரு நாள் போதாதா?" என்று 37 கொடுத்தேன். அன்று ராத்திரி விடுதியில் இறக்கிவிட்ட டுக்-டுக்காரர், "பந்தேய் ஸ்ரேய் கோயில் பார்க்கலையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. மறுநாள் இன்னொரு 37. ஆக மொத்தம் 74. ஏழு நாள் டிக்கெட்டே 72 டாலர்தான்! இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

மூன்று நாள் டிக்கெட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போகலாம். டிக்கெட்டில் உங்கள் முகம் அச்சாகியிருக்கும், மச்சானுக்குக் கைமாற்ற முடியாது.

பணத்தைக்கூட விடுங்கள், அவசரத்தில் கோட்டைவிட்டதுதான் பெரிது. அங்கோர்வாட் மேற்குப் பார்த்த கோயில். சூரியன் பின்னால் உதிக்கும், முகப்பு நிழலில் கிடக்கும். தாமரைக் குளத்தருகே முண்டியடித்துப் படம் எடுத்த கூட்டம், வெயில் ஏறியதும் இட்லிக்கு ஓடுகிற மாதிரி விடுதிக்குத் திரும்பிவிடும். நானும் ஓடினேன். ஓடாமல் உள்ளே நடந்து கிழக்குப் பிராகாரத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ஏறக்குறைய 49 மீட்டர் நீளச் சுவர்ச் சிற்பத்தில் பாற்கடலைக் கடைகிறார்கள்: 92 அசுரர்கள், 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு. காலை வெளிச்சம் தூண்களுக்கிடையே புகுந்து அந்தச் சுவரில் விழுகிற நேரத்தில் ஆளே இருக்காது. மேற்குப் பக்கத்துக் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் சாயங்கால வெயிலுக்கு. ஒரே நாளில் இரண்டையும் நின்று பார்ப்பது நடக்காத காரியம்.

பந்தேய் ஸ்ரேய், எல்லோரும் தங்குகிற சியெம் ரீப் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல். 967-ல் குடமுழுக்குக் கண்ட சின்னஞ்சிறு கோயில், இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை மாதிரி நுணுக்கம். கயிலையை அசைக்கிற ராவணனைப் பார்த்துவிட்டு நகர்ந்தால், வாயில் முகப்பொன்றில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண். அது காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரண்டாவது 37 டாலரைக் கொடுத்ததற்கு அங்கே மட்டும் நான் வருத்தப்படவில்லை.

"தமிழ் மன்னன் கட்டியது"

இல்லை. அங்கோர்வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன், அந்த மண்ணின் ஆள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தியை வழிகாட்டியிடம் காட்டி வாதாடாதீர்கள்.

அரைக்கால் சட்டை

அங்கோர்வாட்டின் உச்சித் தளத்துக்கு ஏற விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பௌத்தர்களின் விசேஷ நாட்களில் அந்தத் தளமே மூடியிருக்கும்.

கிழிந்த டாலர்

செல்லாது.

அருங்காட்சியகத்தைக் கழித்துவிடுவது

அங்கோர் தோம் என்ற பழைய தலைநகரத்தில் எல்லோரும் படம் எடுக்கிற 'தொழுநோய் மன்னன்' சிலை நகல். அசல், தலைநகர் நோம் பென்னின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பந்தேய் ஸ்ரேயின் முகப்புகளில் பீமனும் துரியோதனனும் மோதுகிற ஒன்றும் அங்கேதான். திலோத்தமைக்காக அசுரச் சகோதரர்கள் அடித்துக்கொள்கிற இன்னொன்று பாரீஸின் கீமே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. முதலில் கோயில், அப்புறம் நோம் பென் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே நின்றது என்று தெரிந்தபின் பார்த்தால்தான் அந்தக் கற்களோடு பேச முடியும்.

நண்பர் மூன்று நாள் டிக்கெட்டுக்கு மாறிவிட்டார். நோம் பென்னில் மட்டும் இன்னும் "ஷாப்பிங்" என்றே போட்டிருக்கிறார்.