மூன்று இதயங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வெள்ளவத்தைச் சந்தையில் பாரை மீனை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். செவுள்களுக்குக் கீழே தொண்டைப் பகுதியைக் கவனமாகத் திறந்தால், இரத்தத்தை வாங்கும் ஒரு சோணையறையும் அதை வெளியே தள்ளும் ஓர் இதயவறையும் கொண்ட சிறிய இதயம் தெரியும்; அதிலிருந்து புறப்படும் இரத்தம் செவுள்களில் ஒட்சிசனைப் பெற்று, இதயத்துக்குத் திரும்பாமலே உடலெங்கும் செல்வதால், அதன் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுகிறது.

அடுத்து, கோழி இதயத்தின் கீழ்ப்பாதியைக் குறுக்காக வெட்டுங்கள். இடப்பக்கச் சுவர் தடித்தும், அதை அணைத்துப் பிறைபோல் கிடக்கும் வலப்பக்கச் சுவர் மெலிந்தும் இருக்கும். நான் மிக விரும்பும் காட்சி இதுவே: வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும், இடப்பக்கமோ முழு உடலுக்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

இறாலில் இதயம் முதுகோட்டின் கீழ் உள்ளது. அங்கே குருதி உறுப்புகளை நேரடியாக நனைத்து, இதயத்தின் சிறு துளைகள் வழியே திரும்புகிறது.