பாக்கெட்டுப் படத்தைப் பார்த்துப் பூவிதை வாங்காதீர்கள்

பூவிதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், கடைசி உறைபனி போன பிறகு விதைக்கவும் என்று போட்டிருக்கும். அது வேறு ஊருக்கு எழுதியது. சிங்கப்பூரில் இரவு வெப்பநிலை 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை. எந்த விதை பூக்கும், எது வெறும் இலையாகவே நிற்கும் என்பதை இந்த இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அதனால் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

1. வெயிலைக் கணக்கெடுங்கள்

தொட்டி வைக்கப்போகும் இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? காலை 8 மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. கையை நீட்டினால் விளிம்பு தெளிவான நிழல் விழ வேண்டும், அதுதான் கணக்கு.

கிழக்கு, மேற்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களில் சிக்கல் குறைவு. வடக்கு, தெற்குப் பார்த்தவற்றில்தான் குழப்பம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குத் தாழ்வாரத்தில் ஜூனில் நன்றாகப் பூத்த செடி டிசம்பரில் சோம்பிக் கிடப்பதற்கு உரம் காரணமில்லை. ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு ஆண்டு முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர் தரையில் இருக்கும் தொட்டிக்கு வெயிலை மறைத்துவிடும். ஆடாத இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, இலை சுவருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். சுவரின் மேலேயே தொட்டி வைக்கக்கூடாது. கீழே விழுந்தால் உயிர்ச்சேதம். நடைவழியிலும் 1.2 மீட்டர் இடம் தடையில்லாமல் இருக்க வேண்டும். இது தீப்பாதுகாப்பு விதி.

2. எதை வாங்குவது, எதை விடுவது

ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் வெயில் இருந்தால் செண்டுமல்லி, ஜின்னியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி, மஞ்சள் காஸ்மோஸ், குட்டை ரகச் சூரியகாந்தி எல்லாம் வரும். நான்கு மணி நேரம் என்றால் காசித்தும்பை, நித்தியகல்யாணி, சங்குப்பூ. சங்குப்பூ கொஞ்சம் குறைவாகப் பூக்கும், அவ்வளவுதான். மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்று சோற்றுக்கு நீல நிறம் ஏற்றுவது இதைத்தான். மூன்று மணி நேரம்தான் என்றால் டொரேனியா ஒன்றை மட்டும் முயன்று பாருங்கள். அதற்கும் கீழே போனால் பூவை மறந்துவிட்டு இலைச்செடிக்குப் போவது நல்லது.

முதல் தடவை விதைக்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இரண்டே இரண்டு: குட்டையான பிரெஞ்சு செண்டுமல்லி, காசித்தும்பை. விதை கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிது, ஒரு வாரத்துக்குள் முளைக்கும், ஏழெட்டு வாரத்தில் பூக்கும். ஜின்னியா மூன்றாவது. அதிலும் உயரமான பழைய ரகங்களுக்கு நம் ஈரக்காற்றில் இலையில் வெள்ளைப்பொடியும் புள்ளியும் விழுந்துவிடும். புரஃபியூஷன் என்ற குட்டைக் கலப்பின வரிசை இதைப் பெரிதும் தாங்கும். நித்தியகல்யாணியிலும் அப்படித்தான்: தொடர்மழையில் தண்டு கருகும் நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கிய கோரா என்ற ரகம் உண்டு. விலை அதிகம், ஆனால் திறந்தவெளியில் வைப்பவர்களுக்கு அந்தக் காசு வீணாகாது.

இனி, விட வேண்டியவை. பான்சி, ஸ்வீட் பீ, லார்க்ஸ்பர், லூபின் இவை குளிர்ந்த இரவு கேட்கும். முளைத்தாலும் நோஞ்சானாக நின்று போய்விடும். லாவெண்டர் விதை அழகான பாக்கெட்டில் வரும். நம் ஈரப்பதத்தில் அது நாற்றாக இருக்கும்போதே அழுகும். ருட்பெக்கியா கொஞ்சம் வேறு மாதிரி: செடி கொழுகொழுவென்று வளரும், பூ மட்டும் வராது. 14 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல் வந்தால்தான் அது மொட்டு விடும். நம்மிடம் 12தான்.

நேரெதிரான கதை இளஞ்சிவப்புக் காஸ்மோஸுடையது. குறுகிய பகலில் பூக்கும் செடி என்பதால், இங்கே முளைத்த வேகத்தில் மொட்டு விட்டுவிடும். படத்தில் இடுப்பளவு உயரம். நம் தொட்டியில் ஒரு அடி உயரத்திலேயே இரண்டு மூன்று பூ. ஒன்றிரண்டாக நட்டால் எடுபடாது. ஒரு நீளத் தொட்டியில் ஏழெட்டு விதையை நெருக்கமாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

பாக்கெட்டில் எந்த ஆண்டுக்கான விதை என்று பாருங்கள். குளிர்வசதியில்லாத கடை அலமாரியில் ஒரு வருடம் கிடந்த விதையை அரை விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மீதமாகும் விதையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

3. விதைக் கலவை

தோட்டத்து மண் வேண்டாம், பழைய தொட்டி மண்ணும் வேண்டாம். தென்னைநார்த் தூள் மூன்று பங்கு, பெர்லைட் என்ற வெள்ளை எரிமலைக்கல் துகள் ஒரு பங்கு. 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்றை நான்கு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் எட்டு லிட்டருக்கு மேல் வரும். வீட்டுக்கு அது தாராளம். ஊறிய தூளைப் பிழிந்து, வேறு தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசுங்கள். நாரில் உப்பு தங்கியிருந்தால் நாற்றின் இலைநுனி கருகும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் பதம்தான் சரி.

தட்டுக்கு 50 அல்லது 72 குழி நாற்றுத்தட்டு போதும். விதை ஊன்றுவதற்கென்று விற்கும் வலை சுற்றிய உருண்டை வில்லைகள் பார்க்க வசதிதான். ஆனால் நம் வெயிலில் அவை அரை நாளில் காய்ந்துவிடும், காய்ந்தால் மறுபடி ஊறுவது பாடு. தவிர்த்துவிடுங்கள்.

4. விதைப்பு

செண்டுமல்லி, ஜின்னியா, காசித்தும்பை விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில், குழிக்கு ஒன்றாகப் போடுங்கள். சூரியகாந்தி, காஸ்மோஸ், சங்குப்பூ மூன்றும் வேரை அசைத்தால் முகம் சுளிக்கும். நேரே தொட்டியிலேயே ஊன்றிவிடுங்கள். சங்குப்பூ விதைக்குத் தோல் தடிமன். மணல்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, ஊதியவற்றை மட்டும் எடுத்து விதையுங்கள்.

பத்துமணிப்பூ விதை ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 இருக்கும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு ஸ்பூன் காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மேலே மூட வேண்டாம். இதற்கும் டொரேனியாவுக்கும் முளைக்க வெளிச்சம் வேண்டும்.

நித்தியகல்யாணிக்கு இருட்டு வேண்டும். முளைக்கவே இல்லை என்று பலர் கைவிடுவது இந்த ஒரு காரணத்தால்தான். அரை சென்டிமீட்டர் மூடி, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் போட்டுவையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள். முதல் வளைந்த தண்டு தெரிந்த உடனே பிளாஸ்டிக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும், பிறகு அது நிமிராது.

5. முதல் பத்து நாள்

நாற்றுகள் பெரும்பாலும் சாவது இங்கேதான். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் மல்லாந்து கிடக்கும். அருகில் போய்ப் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் சுருங்கி, தண்ணீர் கோத்த மாதிரி இருக்கும். இதுதான் நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வாழ் கிருமிகள் செய்கிற வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துக் குழிகளுக்குப் பரவாமல் அதை மண்ணோடு எடுத்து எறியுங்கள்.

வாடியதாக நினைத்து அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. வாட்டத்தில் தலை தொங்கும். அழுகலில் அடி ஒடியும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதித் தட்டையாவது காப்பாற்றலாம்.

வராமல் தடுக்க மூன்று காரியம். தட்டுக்கு மூடி போட்டிருந்தால், முதல் விதை முளைத்த அன்றே அதை எடுத்துவிடுங்கள். மற்ற விதைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மேலே தெளிக்காமல், தட்டை ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து எடுங்கள். அதுவும் காலையில், மேற்பரப்பு நிறம் வெளுத்த பிறகு மட்டும். பிறகு காற்று: ஒரு சின்ன மின்விசிறியைத் தள்ளி வைத்து, இலை லேசாக ஆடும் அளவுக்கு ஓடவிடுங்கள். லவங்கப்பட்டைத் தூள் தூவினால் வராது என்று சொல்வார்கள். தண்ணீரைக் குறைக்காமல் அதைத் தூவிப் பயனில்லை.

மூடி போட்ட தட்டை நேரடி வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே விதை வெந்துவிடும். முளைத்த பிறகோ நேர்மாறாக, அன்றே காலை வெயில் இரண்டு மணி நேரம் படட்டும். சமையலறை ஜன்னலோர வெளிச்சம் போதாது. தண்டு நீண்டு சாய்ந்தால் காரணம் அதுதான்.

6. தொட்டிக்கு மாற்றுதல்

முளைத்தவுடன் வருவது விதையிலை. அடுத்து வரும் உண்மையான இலை இரண்டு சோடி ஆனதும், ஏறக்குறைய மூன்றாவது வாரம், மாலையில் மாற்றுங்கள். செண்டுமல்லிக்கு 15 சென்டிமீட்டர் தொட்டி, ஜின்னியாவுக்கு 20. திரவ உரம் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை. தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலை பெருக்கும், பூ தள்ளிப்போகும்.

ஜின்னியாவிலும் செண்டுமல்லியிலும் மூன்று சோடி இலைக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிளை கூடும். கோழிக்கொண்டையையும் காசித்தும்பையையும் கிள்ளாதீர்கள்; அவற்றின் முக்கியப் பூ நடுத்தண்டில்தான்.

தீபாவளிக்குச் செண்டுமல்லி வேண்டுமென்றால் பண்டிகைக்குப் பத்து வாரம் முன்பு விதைக்க வேண்டும். பொங்கலுக்கு என்றால் கூரைக்குக் கீழே மட்டும் முயலுங்கள். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளிப் பூ தண்ணீரைக் குடித்து, காம்போடு அழுகித் தொங்கும்.

பின்சேர்ப்பு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

*தேக்கா சந்தையில் வாங்கிய மாலையின் செண்டுமல்லிப் பூவைக் காயவைத்து விதைக்கலாமா?* போடலாம், எதிர்பார்க்காதீர்கள். மாலைக்கான பூவை விதை முற்றும் முன்பே பறித்துவிடுவார்கள். கறுப்புக் குச்சி போன்ற விதையை நகத்தால் அழுத்துங்கள். வளைந்தால் உள்ளே ஒன்றுமில்லை, விறைப்பாக இருந்தால் வாய்ப்பு உண்டு. முளைத்தாலும் கலப்பினம் என்றால் தாய்ப்பூ மாதிரி வராது.

*விதைத்த பத்துமணிப்பூ விதை மறுநாளே காணோம்.* எறும்பு. ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழி இங்கே வேண்டாம், அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். காலைச் சுற்றி விரலகலத்துக்கு வாசலின் தடவுங்கள். தூசு படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி. அடித்தட்டில் தேங்கும் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை: நாற்றுத்தட்டை ஊறவைத்த தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள்.

*மழை படாத தாழ்வாரத்தில் செண்டுமல்லி இலை மங்கிச் சாம்பல் நிறமாகிறது.* இலையின் அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்திப் பேன். காய்ந்த, மழையில்லாத இடம் அதற்குப் பிடிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், இலையின் அடிப்பக்கம் நனையும்படி ஷவரில் வேகமாகக் கழுவுங்கள். பூ முழுக்க வலை கட்டிவிட்டதென்றால் பைக்குள் போட்டுக் கட்டி எறிந்துவிட்டு, புதிதாக விதையுங்கள். எட்டு வாரத்தில் வரும் செடிக்கு மருந்து வாங்குவதைவிட விதை மலிவு.