பார்லர் ஆரம்பிக்கும் முன் விசாரிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெருந்துறையில் நான் முதலில் போட்ட பார்லரைப் பதினான்கே மாதத்தில் மூடினேன். விசாரிக்காமல் ஆரம்பித்துவிடவில்லை. ஒரு நோட்டு வாங்கி, தெருத்தெருவாகப் போய், நாற்பது பெண்களிடம் பேசி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் டிக் போட்டு வைத்திருந்தேன். நாற்பதில் முப்பத்தெட்டு டிக். அந்தக் கணக்கை நம்பித்தான் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், இரண்டு நாற்காலி வாங்கினேன், ஏசி போட்டேன். ஆடிட்டர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் வருவார்கள் என்று எழுதியதும் அதே நோட்டைப் பார்த்துத்தான். முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவு, அதாவது 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை கொடுக்கும் பிரிவு, அதில் கடனும் கிடைத்தது. ஆட்கள்தான் வரவில்லை.

சில வருஷம் கழித்து அதே ஊரில் இரண்டாவது கடை போட்டேன். அதற்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் கேட்ட கேள்விகள் வேறு. இப்போது பார்லர் வைக்கப் போகிறேன் என்று யாராவது வந்து யோசனை கேட்டால், எந்த மெஷின் வாங்கலாம், எந்த கம்பெனி கிரீம் நல்லது என்பதெல்லாம் அப்புறம்; முதலில் இதைத்தான் பேசுகிறேன்.

ஆசீர்வாதத்தை ஆர்டர் என்று எடுத்துக்கொள்வது

"அக்கா, ஒரு பார்லர் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எப்படிப் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா வரும் கண்ணு, தைரியமா ஆரம்பி" என்பார்கள். ஒரு பெண் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வாசலில் வந்து நிற்கும்போது நம் பக்கத்தில் யாரும் வாயைத் திறந்து அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். காபி கொடுப்பார்கள், கிளம்பும்போது குங்குமம் கொடுப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டதே ஆசீர்வாதம்தான், அதைக் கொடுத்தார்கள். என் முப்பத்தெட்டு டிக்கும் அதுதான்.

அதனால் உங்கள் யோசனையைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். "பார்லர் போறவங்களுக்கு என்னென்ன சிரமம் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், பத்து நிமிஷம் பேசலாமாங்க?" போதும். "ஏன், நீங்க வைக்கப் போறீங்களா?" என்று கேட்டால் மறைக்க வேண்டாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிவு பண்ணவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். முடிவு பண்ணவில்லை என்று கேட்டாலே மனுஷர்கள் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். முடிவு பண்ணியாகிவிட்டது என்று தெரிந்தால் வாழ்த்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

சித்தி, நாத்தனார், கூடப் படித்தவர்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்: இவர்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஓசியில் ஐப்ரோ எடுத்துக்கொள்ள வருவார்கள், அது வேறு.

"வருவீங்களா?" என்று கேட்பது

இனிமேல் செய்யப்போவதைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மாதம் ஒரு ஃபேஷியல் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. நான் பார்லர் வைத்திருக்கிறேன், அப்படியும் நடப்பதில்லை. கடைசியாகப் போனது எப்போது, எங்கே, யாரோடு, எதற்காக, எவ்வளவு ஆனது என்று நடந்ததைக் கேளுங்கள்.

இரண்டாவது தடவை விசாரிக்கும்போது ஒரு டெய்லர் கடையில், பிளவுஸ் வாங்கக் காத்திருந்த ஒரு நர்ஸிடம் பேசினேன். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது.

"கடைசியா எப்பங்க பார்லருக்குப் போனீங்க?"

"போன மாசம்... இல்லீங்க, ரெண்டு மாசம் இருக்கும். அண்ணன் வீட்டு வளைகாப்புக்கு."

"எங்க போனீங்க?"

"ஈரோட்டுக்குத்தானுங்க்கா."

"ஏனுங்க, இங்கயே நாலு பார்லர் இருக்குதுங்களே?"

"இருக்குதுங்க." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் படியில ஏறோணும்ல" என்றார்.

அவர் சொன்ன பார்லர் முதல் மாடியில் இருக்கிறது. கீழே செல்போன் கடை, பக்கத்தில் டீக்கடை. படிக்கட்டின் அடியில் எந்நேரமும் நான்கு ஆண்கள் கிளாஸோடு நிற்பார்கள். யார் ஏறுகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். "ரெண்டு புள்ளை பெத்தவளுக்கு இப்ப என்ன பார்லர்" என்று மாமியார் காதுக்குச் சாயங்காலமே போய்விடும். ஈரோட்டில் அவரை யாருக்கும் தெரியாது. 2021இலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது. அதனால் அந்தப் படிக்கட்டுக்குப் பயந்து அரை நாளைச் செலவழித்து ஈரோட்டுக்குப் போய் வருகிறார்.

என் முதல் கடை எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? முதல் மாடி. வாடகை குறைவு என்று எடுத்தது.

"பெருந்துறையிலேயே நல்ல பார்லர் வந்தா வருவீங்களா?" என்று அதே நர்ஸிடம் கேட்டிருந்தால் "கண்டிப்பா வருவேனுங்க" என்று சொல்லியிருப்பார். இன்னொரு டிக் விழுந்திருக்கும். இடையில் அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் கவனியுங்கள். நம்மில் பலருக்கு அந்த மௌனம் தாங்காது. "ஏன், விலை அதிகமா? சுத்தமா இல்லையா?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவரும் தப்பித்தோம் என்று "ஆமாங்க, சுத்தமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சலூன் என்றால் சலூன்தான்

விளம்பரத்தில் என்ன எழுதினாலும், எங்கள் ஊரில் சலூன் என்றால் ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடை. "லேடீஸ் சலூன் வைக்கப் போறேன்" என்று நான் ஒரு பாட்டியம்மாவிடம் சொன்னபோது, "பொம்பளைங்களுக்கு எதுக்கு சாமி சலூன்" என்று நிஜமாகவே பதறிவிட்டார். பெண்களுக்கு அது பார்லர்.

கெரட்டின், ஹைட்ரா ஃபேஷியல் மாதிரி வார்த்தைகளை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள், நீங்கள் தேவை இருக்கிறது என்று எழுதிக்கொள்வீர்கள். "முடியை நேராக்குறது", "யு கட்", "ஐப்ரோ எடுக்கறது" என்று அவர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தையையே நோட்டில் எழுதுங்கள். பிறகு போர்டில் என்ன எழுதுவது என்று யோசிக்கிற வேலையும் மிச்சம்.

எங்களைப் போலத் தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி ஒன்று உண்டு. எதிரில் உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காது. "கன்னத்துல மங்கு விழுந்திருக்கேங்க, எத்தனை நாளா இருக்கு?" முடிந்தது கதை. அதற்கு மேல் அவர் கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டுதான் பேசுவார். முடி கொட்டுவது, தாடையில் முடி வளர்வது இதெல்லாம் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கேட்பது

மாமியார் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்க, மருமகளிடம் "பார்லருக்கு எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" என்று கேட்ட புத்திசாலி நான். "அதெல்லாம் நமக்கெதுக்குங்க" என்றார். அடுத்த வாரம் அவரையே ஃபேன்ஸி ஸ்டோரில் தனியாகப் பார்த்தேன். வரிசையாகச் சொன்னார், பிளீச்சுக்கும் ஃபேஷியலுக்கும் நடுவில் எத்தனை நாள் விட வேண்டும் என்பது வரைக்கும். வீட்டுக்குப் போய்க் கேட்பதைவிட டெய்லர் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், காலேஜ் பஸ் ஸ்டாப் நல்ல இடங்கள். சிப்காட்டில் வேலை செய்கிற பெண்களை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடும்போது மறிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பேசுவார்கள்.

கல்யாண மேக்கப்பில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். யார் கையால் மேக்கப் போட வேண்டும் என்று முடிவு செய்வது கல்யாணப் பெண், கூடவே இன்ஸ்டாகிராமைத் தடவிக்கொண்டிருக்கும் அவள் பெரியம்மா மகள். பணம் கொடுப்பது அம்மாவோ அப்பாவோ, சில வீட்டில் மாப்பிள்ளை வீட்டார். பெண்ணிடம் மட்டும் கேட்டால் பெரிய பேக்கேஜ் எல்லாம் ஓடும் போலத் தெரியும். அம்மாவிடம் மட்டும் கேட்டால் பூ வைக்கவும் புடவை கட்டிவிடவும் ஆள் இருந்தால் போதும் என்று தோன்றும். கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆன வீடுகளில் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதற்குள் கணக்கெல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள், எதற்குக் கொடுத்தது தண்டம் என்பதும் தெரிந்திருக்கும்.

விசாரிக்கிற மாதத்தையும் பாருங்கள். தையிலோ தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ கேட்டால் ஊரே பார்லருக்குப் போவது போல இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கேட்டால் யாருமே போகாதது போல இருக்கும். "கடைசியா எப்ப போனீங்க" என்பதோடு "அதுக்கு முன்னாடி எப்ப" என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டால் இது பாதி சரியாகிவிடும்.

விலையை நேராகக் கேட்பது

"ஃபேஷியலுக்கு எவ்வளவு கொடுப்பீங்க?" என்றால் அது பேரம். காய்கறிக் கடையில் கேட்கிற மாதிரி குறைத்துத்தான் சொல்வார்கள். போன தடவை மொத்தம் எவ்வளவு ஆனது, பஸ், டிபன், கூட வந்தவருக்கு வாங்கிக் கொடுத்த ஜூஸ் எல்லாம் சேர்த்து என்று கேளுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் மெதுவாகக் கேட்கலாம். சம்பளமா, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததா, மாதம் 15ஆம் தேதி வருகிற மகளிர் உரிமைத் தொகையா. எந்தத் தேதியில் கையில் காசு இருக்கும் என்று தெரிந்தால் எந்த வாரத்தில் இரண்டாவது ஆளை வேலைக்குக் கூப்பிடுவது என்பதும் தெரியும்.

"என்னென்ன இருந்தா நல்லாருக்கும்?" என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். ஏசி, சோபா, தனி ரூம், காபி என்று ஒரு பட்டியல் வரும். எனக்கும் வந்தது, எல்லாவற்றையும் வாங்கிப் போட்டேன். ஒரு பார்லரை விட்டு இன்னொன்றுக்கு மாறியவர் கிடைத்தால் ஏன் மாறினார் என்று கேளுங்கள். நூல் இழுக்கும்போது தோல் கிழிந்தது, மேலுக்குப் போட்ட துண்டில் அடுத்தவர் முடி இருந்தது, தன்னைப் பற்றிப் பார்லர்க்காரம்மா இன்னொருத்தரிடம் பேசினார்: இப்படித்தான் காரணங்கள் வரும். ஏசி இல்லை என்று மாறியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பார்லருக்குப் போகாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். வீட்டிலேயே பயத்த மாவும் மஞ்சளும் போட்டுச் சமாளிப்பவர், தங்கச்சியிடம் ஐப்ரோ எடுத்துக்கொள்பவர், இவர்களெல்லாம் உங்களுக்குப் போட்டி. எத்தனை பேரிடம் பேசுவது என்று கேட்கிறார்கள். காலேஜ் பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் இருப்பவர்கள் என்று வகைக்கு ஆறேழு பேர் போதும். பேசுபவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று உங்களுக்கே தெரிய ஆரம்பித்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை நான் பேசியது இருபத்திரண்டு பேரிடம். கடைசியில் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று சொன்னேன்: தரைத் தளத்தில், டெய்லர் கடை இருக்கிற தெருவில், வாசலில் திரை போட்டு ஒரு பார்லர் வருகிறது, இப்போது 200 ரூபாய் கொடுத்தால் முதல் மாதம் 300 ரூபாய்க்கு வேலை செய்து தருவேன், கடை வராவிட்டால் பணம் திரும்பக் கைக்கு வரும். "நல்லா வரும் கண்ணு" என்று சொன்னவர்கள் பதினாறு பேர். காசு எடுத்துக் கொடுத்தவர்கள் ஆறு. அந்த நர்ஸ் பர்ஸைத் திறக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பேர் எழுதிக்க வேண்டாமுங்க, நம்பர் மட்டும் போட்டுக்கங்க" என்றார்.