ஹூ, விச், தட்: மறைந்த உருபைக் கண்டுபிடித்து எழுதுங்கள்

'ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச்' என்று பள்ளி ஆங்கில வகுப்பில் மனப்பாடம் செய்த விதி தவறன்று. ஆனால் அது பாதி வழிக்குத்தான் துணை வரும். ஹூ, விச், தட் போன்றவை ஒரு பெயரைப் பற்றிய செய்தியை அதனோடு இணைக்கும் ரிலேட்டிவ் புரோனவுன்கள். தமிழில் அவற்றின் வேலையைப் பெயரெச்சமே, அதாவது 'கட்டிய', 'வாங்கிய' போலப் பெயருக்கு முன் நிற்கும் வினைச்சொல்லே பார்த்துக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். கோயிலைக் கட்டிய மன்னன், மன்னன் கட்டிய கோயில், மன்னன் கோயில் கட்டிய ஊர் ஆகிய மூன்றிலும் 'கட்டிய' என்ற சொல் மாறவேயில்லை. எது யாரோடு எப்படிச் சேர்கிறது என்பதைப் படிப்பவரே விளங்கிக்கொள்கிறார். ஆங்கிலத்திலோ பெயர்ச்சொல்லை முதலில் வைத்து, அந்த உறவை வெளிப்படையாகக் காட்டியாக வேண்டும்: தி கிங் ஹூ பில்ட் தி டெம்பிள், தி டெம்பிள் தட் தி கிங் பில்ட், தி டவுன் வேர் தி கிங் பில்ட் தி டெம்பிள்.

எனவே எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள். பெயரெச்சத்துக்குப் பின் நிற்கும் பெயரை எடுத்து, அதே வினையோடு ஒரு சிறு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அங்கே வந்து சேரும் வேற்றுமை உருபே தேவையான சொல்லைக் காட்டிக்கொடுக்கும். உருபு எதுவும் இல்லையென்றால் அந்தப் பெயர் எழுவாய். ஹூ, விச், தட் ஆகியவற்றுள் ஒன்று கட்டாயம் வேண்டும். 'ஐ' உருபு வந்தால் அது செயப்படுபொருள். அங்கே தட் என்பதை விட்டுவிடவும் செய்யலாம். 'நான் வாங்கிய பம்புசெட்' என்பதை, பம்புசெட்டை வாங்கினேன் என்று பிரிக்கலாம் அல்லவா? ஆகவே 'தி பம்ப்செட் ஐ பாட்' என்றாலே போதும். இதன் கடைசியில் ஓர் 'இட்' சேர்ப்பது நம்மவரிடம் அடிக்கடி காணும் பிழை. தட் இருந்தாலும் மறைந்திருந்தாலும் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

உண்மையான சிக்கல் மற்ற உருபுகளில்தான் இருக்கிறது. 'பயிர் கருகிய விவசாயி' என்று செய்தித்தாளில் சாதாரணமாகப் படிக்கிறோம். கருகியது விவசாயி அல்லர், விவசாயியுடைய பயிர். 'உடைய' என்பது மறைந்திருப்பதால் அங்கே ஹூஸ் வர வேண்டும்: தி ஃபார்மர் ஹூஸ் க்ராப் வித்தர்ட். 'ஹூ ஹிஸ் க்ராப்' என்று எழுதுவது பிழை. இதே ஒலியுடைய, மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) இட்டு எழுதப்படும் இன்னொரு சொல் 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கம் என்பதால், எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை.

'நாங்கள் தண்ணீர் எடுக்கும் வாய்க்கால்' என்ற தொடரில் 'இருந்து' என்பது மறைந்திருக்கிறது. தமிழில் அது இல்லாமலே பொருள் தெளிவாக இருப்பதால் ஆங்கிலத்திலும் அதை விட்டுவிடுகிறோம். 'தி கெனால் விச் வீ டேக் வாட்டர்' என்பது பிழை. 'தி கெனால் ஃப்ரம் விச் வீ டேக் வாட்டர்' என்றோ, பேச்சு நடையில் 'தி கெனால் வீ டேக் வாட்டர் ஃப்ரம்' என்றோ எழுத வேண்டும்.

காற்புள்ளி இடுவதா வேண்டாமா என்பதற்கு உருபு உதவாது. 'தஞ்சாவூரில் படிக்கும் என் அக்கா' என்றால் அக்கா ஒருவரா பலரா என்று தமிழில் தெரியாது. பலருள் ஒருவரைச் சுட்டினால் காற்புள்ளி கூடாது. இருப்பவர் ஒருவரே என்றால் ஹூவுக்கு முன்னும் அத்தொடரின் முடிவிலும் காற்புள்ளி வேண்டும். மேட்டூர் அணை ஒன்றே என்பதால், 'தி மேட்டூர் டேம், விச் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934, ஃபீட்ஸ் தி டெல்டா' என்று எழுதுகிறோம். இத்தகைய இடத்தில் தட் வராது; விச் என்பதை விட்டுவிடவும் முடியாது.

ஹூவின் இன்னொரு வடிவமான ஹூம் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பேச்சில் பெரும்பாலும் ஹூவே போதும். ஆனால் 'நாங்கள் மனு கொடுத்த அதிகாரி' என்பதில் மறைந்துள்ள 'கு' உருபுக்காக 'டு' என்பதை முன்னால் வைத்தால், அதையடுத்து ஹூம் மட்டுமே வரும்: தி ஆஃபீஸர் டு ஹூம் வீ கேவ் தி பெட்டிஷன்.