அலமாரிக்குப் பின்னால்

காலையில் எழுந்ததும் எனக்கு அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. வெளியே கிளம்பினால் சரியாகிவிடும். செட்டிரிசின் (ஒவ்வாமை மாத்திரை) போட்டால் தூக்கம்தான் வந்தது. தலையணை உறை, ஏசி ஃபில்டர் எல்லாம் கழுவியும் பலனில்லை. ஹாலில் படுத்த இரவுகளில் மட்டும் தும்மல் இல்லை.

அப்புறம்தான் படுக்கையறை மர அலமாரியை நகர்த்தினோம். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. மறுபக்கம் குளியலறை, சுவருக்குள் குழாய்க் கசிவு. அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கலாம் என்றார்கள் சிலர். ஆனால் ஈரம் இருக்கும்வரை பூஞ்சை மறுபடி முளைக்கும். பிளம்பர் கசிவை அடைத்தார். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டேன் (உலர்வாகச் சுரண்டினால் பூஞ்சை வித்துகள் அறையெங்கும் பறக்கும்). ஊறிப்போன பிளைவுட் பின்பலகையையும் கழற்றி எறிந்தோம்; வாடை அதில்தான் அதிகம். தும்மல் நின்றது, நிம்மதி. அலமாரி இப்போது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஏசியை டிரை மோடில் (ஈரத்தை இழுக்கும் அமைப்பு) ஓடவிடுகிறேன்.