பெயர் கெடுவது கடைசி வாரத்தில்தான்

போன மாதம் 8-ஆம் தேதி எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. 7-ஆம் தேதி சம்பளம் ஏறியது. மறுநாள் பையன் வரவில்லை. கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டு எண்ணுக்கு அழைத்தபோது எடுத்த அக்கா, "தம்பிக்குக் கடுமையான காய்ச்சல், பேச முடியாத நிலையில் இருக்கிறான்" என்று சொல்லி வைத்துவிட்டார். சாப்பாட்டு அறை அலமாரியில் அவனுடைய டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடி இன்னும் இருக்கிறது.

காய்ச்சலாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. 2003-இல் நான் சொல்லச் சொன்ன நோய் மஞ்சள் காமாலை.

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. அங்கே உட்கார்ந்தால், நான் இருபது வருடங்களுக்கு முன்பு செய்த அதே தவறுகளைப் புதுப் புது முகங்கள் செய்துகொண்டே வருவதைப் பார்க்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். சட்டையை இஸ்திரி போடுங்கள், நேரத்துக்கு வாருங்கள், பயோடேட்டாவில் எழுத்துப்பிழை பாருங்கள் என்பதையெல்லாம் உங்கள் கல்லூரியிலேயே சொல்லிக் களைத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பஸ்ஸில் வாய் திறப்பது

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறுகிறவர்களில் பலர் ஏதோ ஒரு தொழிற்பேட்டையில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒருநாள் எனக்குப் பின் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். தங்கள் மேலாளரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவருடைய பெயர், நிறுவனத்தின் பெயர், எந்தச் சரக்கு திரும்பி வந்தது, அதை எப்படி மூடி மறைத்தார்கள் என்று எல்லாம் உரத்த குரலில். எனக்கு முன் இருக்கையில் அதே நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி கொடுக்கும் வியாபாரி இருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தவளக்குப்பம் தாண்டியதும் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

குறை சொல்லவே கூடாது என்று நான் உபதேசிக்க வரவில்லை. நானும் நன்றாகவே சொல்வேன். ஆனால் வீட்டு மொட்டைமாடியில் சொல்வேன். தேவனாம்பட்டினம் கடற்கரைகூட ஞாயிற்றுக்கிழமை ஆகாது. ஊரே அங்கேதான் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்.

வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்

மேலாளரின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது என்றால், உங்கள் எண் அவருடையதிலும் இருக்கிறது.

சொல்லாமல் நின்றுவிடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனம். பி.காம். முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை, 22 வயது. வவுச்சர் என்ற செலவுச் சீட்டு எழுதுவது, அதை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, சில்லறைச் செலவுக்கான பணத்தை வைத்திருப்பது, இவை என் பொறுப்பு. முதலாளி கோபக்காரர். ஆனால் என் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று யாரோ சொல்லக் கேட்டு, நான் கேட்காமலே ₹2,000 முன்பணம் கொடுத்தவர். இரண்டு வருடம் ஓடியது. அப்போது வேறோர் இடத்தில் மாதம் ₹1,500 கூடுதலாகத் தருகிறோம், உடனே வர வேண்டும் என்றார்கள்.

முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். 7-ஆம் தேதி சம்பள உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். 8-ஆம் தேதி காலை புது இடத்தில் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்தால் காமாலை என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அலமாரிச் சாவி என் கைப்பையிலேயே வந்துவிட்டது. டேலியில் நான் போட்டிருந்த கடவுச்சொல்லும் என் தலைக்குள்ளேயே வந்துவிட்டது.

நான்காம் நாள் அலுவலக உதவியாளர் அண்ணன் மேட்டுப்பாளையத்திலிருந்து அரியாங்குப்பம்வரை சைக்கிள் மிதித்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு பை சாத்துக்குடி, முதலாளி கொடுத்தனுப்பியது. அம்மா வாசலை மறித்து நின்று, உள்ளே தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, தட்டில் ஆறு சாத்துக்குடிகள் இருந்தன. அம்மா அதில் ஒன்றையும் தொடவில்லை. என்னையும் உரிக்க விடவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2009-இல் சிப்காட்டில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்காளர் வேலைக்காக நேர்காணலுக்குப் போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். எதிரில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மேசையின் ஓரத்தில் ஒரு பெரியவர் என் பயோடேட்டாவைப் புரட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் காமாலை சரியாகிவிட்டதா?"

மற்றவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவர் அந்தப் பழைய நிறுவனத்தின் ஆடிட்டர்; இந்த நிறுவனத்துக்கும் அவரே ஆடிட்டர். வேலை கிடைக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இது. முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களோ இல்லையோ, அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கிறவர்கள் பேசுகிறார்கள். இந்த வட்டாரத்தில் ஒரே ஆடிட்டர் பத்து நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பார். பி.எப். என்கிற வருங்கால வைப்பு நிதி வேலைகளைச் செய்து கொடுக்கும் ஒரே கன்சல்டன்ட் அதைவிட அதிகம் பார்ப்பார். லாரி புக்கிங் ஆபீஸ், கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிற பையன், அச்சகக்காரர், எல்லோரும் இங்கும் அங்கும் போய்வருகிறவர்கள். நாம் முதலாளியிடம் நல்ல பேர் வாங்குவதிலேயே கண்ணாக இருப்போம். நம் பேரைச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோவது இவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி நின்றுவிடுகிறவர்களில் கெட்டவர்கள் குறைவு என்பதுதான் என் அனுபவம். பெரும்பாலும் கூச்சம். 'போகிறேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்லப் பயந்து, பத்து வருடத்துக்குப் பேசும்படியான காரியத்தைச் செய்துவிடுகிறார்கள். அந்த அறைக்குள் நடக்கப்போவது அதிகம் போனால் பத்து நிமிடக் கோபம். நான் பயந்த முதலாளிகூடக் கத்தியிருப்பார், பிறகு டீ சொல்லியிருப்பார்.

பின்னால் இருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை இந்தப் பக்கம் வந்த பிறகுதான் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனத்தில் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவு செய்திருந்த கைப்பேசி எண் கணக்கெழுதும் பையனுடையது. முதலாளிக்கு ஓ.டி.பி., கடவுச்சொல் இவற்றோடெல்லாம் ஒத்துவராது. 'நீயே போட்டுக்கொள் தம்பி' என்று விட்டிருந்தார். பையன் ஒரு 14-ஆம் தேதி நின்றான், முதலாளியின் எண்ணைத் தடையும் செய்துவிட்டான். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும். ஓ.டி.பி. அவனுக்குப் போகிறது, அவன் எடுப்பதில்லை. தாமதக் கட்டணம் நாளுக்கு ₹50, கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த எண்ணை மாற்றுவதற்காக அந்த மனிதர் அலைந்த அலைச்சலில், அவன் பெயரை எத்தனை வாசலில் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது மனிதர்கள் மறந்தாலும் பி.எப். கணக்கு மறப்பதில்லை. யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எப். அடையாள எண் ஒன்று கிடைத்துவிட்டால் வேலை வாழ்க்கை முழுவதும் அதே எண்தான். எந்த நிறுவனம் எந்த மாதம்வரை பணம் கட்டியது என்பது பாஸ்புக்கில் வரிசையாக நிற்கும். நடுவில் இருந்த நான்கு மாத வேலையைப் பயோடேட்டாவில் விழுங்கிவிட்டு வருகிறவர்களின் பாஸ்புக்கை வாங்கிப் பார்க்கும்போது, அவர்களைவிட எங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும். பழைய இடத்தில் விலகிய தேதி பதிவாகவில்லை என்றால், அந்தக் கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றுவதும் சிக்கிக்கொள்ளும். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு அந்தத் தேதியைத் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

சரி, எப்படித்தான் போவது? முதலில் வாயால் சொல்லுங்கள், அன்றைக்கே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பிறகு அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, இப்போது பாருங்கள். புது இடத்தில் 'நாளைக்கே வா' என்றால், முப்பது நாள் கேளுங்கள். கொடுக்க மறுக்கிற இடம், நாளை உங்களையும் அப்படித்தான் நடத்தும். பிறகு ஒரே ஒரு தாள் எழுதுங்கள்: எந்த வேலை பாதியில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், எந்தத் தளத்தில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது, எந்தக் கோப்பு எந்த அலமாரியில். சாவியை ஆள் கையில் கொடுத்துத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாள் இருந்தால், நீங்கள் போன பிறகு காணாமல் போகிற எதற்கும் உங்கள் பெயரை யாரும் இழுக்க முடியாது.

எல்லா முதலாளிகளும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அனுபவச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு அலையவிடுகிறவர்கள் உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை விழுங்குகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் இருந்து போகும்போது மின்னஞ்சலும் அந்தத் தாளும் இன்னும் அதிகமாகத் தேவை. எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்குப் பழைய இடத்தில் ரிலீவிங் கடிதம் கொடுக்கவில்லை. தான் அனுப்பிய ராஜினாமா மின்னஞ்சலையும், பொறுப்பு ஒப்படைத்த தாளின் நகலையும் மேசையில் வைத்தாள். எங்களுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

செத்த பாட்டி

எல்லோருக்கும் இரண்டு பாட்டிகள்தான். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு எண்ணத் தெரியும்.

'ஆயிற்று' என்ற சொல்

"அந்த வேலை ஆயிற்றா?" "ஆயிற்று மேடம்." போய்ப் பார்த்தால் ஆகியிருக்காது. மாலைக்குள் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சொன்னது. மாலையில் வேறு வேலை வந்திருக்கும். இதைத் திறமைசாலிகள்தான் அதிகம் செய்கிறார்கள், மந்தமானவர்கள் 'இல்லை' என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு முறை இப்படி நடந்துவிட்டால், மூன்றாம் முறை நீங்கள் உண்மையிலேயே முடித்திருந்தாலும் ஒருவர் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்ப்பார். 'பாதி ஆயிற்று, நாளை பதினொரு மணிக்குத் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு, பத்தரைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கடனுக்கு நண்பர் எண்ணைக் கொடுப்பது

பைக் தவணைக்கும் கைப்பேசித் தவணைக்கும் விண்ணப்பம் நிரப்பும்போது, தெரிந்தவர் இருவரின் எண் கேட்பார்கள். பக்கத்து மேசைக்காரரின் எண்ணைக் கேட்காமலே எழுதிவிடுகிறார்கள். இரண்டு தவணை தவறினால் வசூல்காரர் அழைப்பது அவரைத்தான், அதுவும் அலுவலக நேரத்தில். ஒரே வாரத்தில் மாடி முழுவதும் தெரிந்துவிடும். வங்கி வேலைக்கு முயல்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகிறது, பொதுத்துறை வங்கிகள் ஆள் எடுக்கும்போது கடன் வரலாற்றையும் பார்க்கின்றன.

கேட்டில் இருப்பவர்

ஒருவரை நிரந்தரமாக்கும் முன் கேட்டில் இருக்கும் பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்கிறோம். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கு

போங்கள். நான் போனேன், 2010-இல், அந்த ஆடிட்டர் கேட்ட கேள்வி தூங்கவிடாமல் செய்த பிறகு. சாவியை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போகலாமா என்று மார்க்கெட் வாசலில் யோசித்து, குத்திக் காட்டுவதுபோல் ஆகிவிடும் என்று வெறுங்கையோடு போனேன்.

முதலாளிக்கு நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த அலமாரியை அப்போதே உடைத்தாயிற்று என்றார், கோபமில்லாமல். டேலியைத் திறக்க முடியாமல் அந்த வருடக் கணக்கு முழுவதையும் வவுச்சர்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்களாம். டீ வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவர்போல எழுந்து, பீரோவிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார்.

எதற்காகக் கொடுத்தது என்று தெரியாத தொகையைக் கணக்கில் சஸ்பென்ஸ் என்ற தலைப்பில் நிறுத்தி வைப்பார்கள். என் சில்லறைச் செலவுப் பணத்தில் ஒரு ₹1,840 அப்படி நின்றிருக்கிறது. ஆடிட்டர் அதைப் பற்றி இரண்டு வருடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் எடுத்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, இருக்காது என்று இவர் சொல்ல, அப்படியே எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

வவுச்சரை என் பக்கம் திருப்பினார். "இது என்னவென்று உனக்காவது நினைவிருக்கிறதா, அம்மா?"

மார்ச் மாதத் தேதி. 'வி.ஆர்.' என்ற இரண்டு எழுத்து, தொகை, வேறெதுவும் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான். வி.ஆர். யார் என்று எனக்கு இன்றுவரை நினைவு வரவில்லை.